பார்க்காத இடத்துப் பூஜ்யம்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் உளவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளர்கூட மீட்டிங்கில் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, பிறகு சும்மா இருமிக்கொள்வார். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். பதினோரு வருஷமாக அவள் கட்டிக் காத்துவரும் கருவி செய்வதும் அந்த வேலைதான். கணினியில் எல்லா மென்பொருளுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சொல்லி, அந்த வழியாக எத்தனை தடவை வேலை நடந்தது என்று எண்ணச் சொன்னால், கருவி அங்கே ஓர் ஆளை நிறுத்திவைத்த மாதிரி உட்கார்ந்து எண்ணிச் சொல்லும். அப்படி உட்காரும் இடத்துக்கு ஒட்டுப்புள்ளி என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஒட்டுக்கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கணினியிலும் எல்லா இடமும் இருக்காது. கெர்னல் பதிப்புக்குப் பதிப்பு மாறும், போன வருஷம் இருந்த இடம் இந்த வருஷம் காணாமல் போயிருக்கும். சொன்ன இடம் இல்லையென்றால் கருவி ஓடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தாள். இடத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால், இருந்தால் உட்கார், இல்லாவிட்டால் போகட்டும் என்று பொருள்.

கேள்விக்குறி போட்ட புள்ளியைத் தனியாக எழுதினால், 'இந்த இடம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன்' என்று கருவி ஒரு வரியாவது சொல்லும். அதே புள்ளியை நாலைந்து புள்ளிகளோடு சேர்த்து ஒரே வரிசையில் எழுதினால் மூச்சுக்கூட விடாது. முதல் பாதியை அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்துப் பார்த்து எழுதினாள். இரண்டாவது பாதியை ஐந்து வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுதினாள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று வாயாடியாகவும் மற்றது வாயே திறக்காததாகவும் ஆனது இப்படித்தான்.

இனி அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுடைய அக்காவின் புருஷன். அவள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தபோது மாப்பிள்ளையாக வீட்டுக்கு வந்தவர். அன்றிலிருந்து அவரும் அக்காவும் அவளைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்பு வேலை பார்த்த நிறுவனம் மூடியபோது, இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் சொன்னது அவள்தான். சிபாரிசு செய்யவில்லை, தகவல் மட்டும்தான் சொன்னேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். அவர் தேர்வு எழுதி, தன் திறமையில்தான் டிஸ்க் பிரிவில் சேர்ந்தார். சேர்ந்த முதல் நாளே அவரை மாடிப்படிக்கு அழைத்துப் போய், அலுவலகத்தில் உறவு கொண்டாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதன் பிறகு அலுவலகத்தில் அவர் அவளை 'நீங்க' என்றார். அவள் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை.

மூன்று மாதம் முன்பு, ஒரு வரைபட அலுவலகத்திலிருந்து புகார் வந்தது. அவர்கள் நிறுவனம் விற்ற சேமிப்புப் பெட்டியில் வைத்த படங்களில் இருநூற்றுச் சொச்சம் படங்கள் பாதிக்குமேல் வெறும் வெள்ளையாக இருந்தன. ஆறும் பாலமும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. தப்பு இரண்டு இடத்தில் ஒன்றில்தான் இருக்க முடியும். படம் டிஸ்க்கில் எழுதப்படுவதற்கு முன்பே, இடநெருக்கடியில் மெமரி பிரிவின் கோட் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். அல்லது கைக்கு வந்த படத்தை, அத்தான் எழுதிய டிஸ்க் கோட் சரியாக எழுதாமல் விட்டிருக்கலாம். யார் என்று பார்த்துச் சொல்லும் வேலை அவளிடம் வந்தது.

அவள் ஐந்து புள்ளிகளை ஒரே வரிசையில் எழுதி ஓடவிட்டாள். முதல் புள்ளி கிடைக்கவில்லை என்று கருவி நின்றுவிட்டது. அது ஒன்றுக்கும் உதவாத புள்ளி. கேள்விக்குறி போட்டால் போயிற்று. ஆனால் ஒவ்வொன்றாக எதற்குத் திட்டு வாங்குவது என்று ஐந்துக்குமே போட்டுவிட்டாள். கருவி சமர்த்தாக ஓடியது. இரண்டு நாள் எண்ணியது. மெமரி பிரிவு தூக்கி எறிந்தது பூஜ்யம். டிஸ்க் பிரிவு ஒருதரம் எழுத முடியாமல் மறுபடி முயன்றது நாற்பத்தோராயிரம் தடவை.

மீட்டிங்கில் அந்த இரண்டு எண்ணையும் திரையில் போட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் அத்தான் இருந்தார். வாதாடவில்லை. மறுமுயற்சி என்பது எல்லா டிஸ்க்கிலும் நடப்பதுதான் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"நானே உக்காந்து பாத்தேன். பூஜ்யம்தான்."

சொல்லும்போது குரலில் கொஞ்சம் கடுமையைச் சேர்த்துக்கொண்டாள், சுற்றி இருப்பவர்கள் கேட்கட்டும் என்று. அது பலித்தது. சொந்தக்காரர் என்றும் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி சொன்னாளே என்று மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அத்தானிடமிருந்து டிஸ்க் கோடைப் பிடுங்கி, வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் மேசையில் உட்கார வைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் தப்பைக் கண்டுபிடித்து எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் நீளாது என்றும் சொன்னார்கள். ஒப்புக்கொண்டால் நீளும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை ஏறுவதைக் கண்ணால் காட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சோதனைக் கணினியில் வேண்டுமென்றே மெமரியை நிரப்பி, படங்களைத் தூக்கி எறிய வைத்தாள். கைவசம் இருந்த அதே ஐந்து புள்ளிகளை ஓடவிட்டாள். பூஜ்யம். மறுபடி நிரப்பினாள். படங்கள் கண்ணெதிரே வெள்ளையாயின. எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது.

தூக்கி எறிவதை எண்ண வேண்டிய மூன்றாவது புள்ளியை மட்டும் எடுத்து, தனி வரியில் எழுதி ஓடவிட்டாள். வாயாடி வாயைத் திறந்தது. 'இந்த இடம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன்.'

விஷயம் சின்னதுதான். புதிய பதிப்பில் அந்தச் சின்னப் பகுதி பக்கத்திலிருந்த பெரிய பகுதிக்குள் கரைந்துவிட்டிருந்தது. வேலை நடக்கிறது, அந்தப் பெயரில் வாசல் இல்லை. இல்லாத வாசலில் யாரும் உட்காரவில்லை. உட்காராதவன் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காததைத்தான் அவள் பூஜ்யம் என்று திரையில் போட்டாள்.

பெரிய பகுதிக்குள் சரியான இடத்தைத் தேடிப் பிடித்து, வரைபட அலுவலகத்துப் பெட்டியில் புள்ளி வைத்தாள். பதினொரு மணிக்கு வைத்தது. ஒரு மணிக்குள் மூன்று. மூன்று படங்கள், மூன்றையும் மெமரி பிரிவுதான் தூக்கி எறிந்திருந்தது. டிஸ்க் கோடின் கைக்கு அவை வரவே இல்லை.

கருவியைப் பற்றி வந்த பழைய புகார்களில் இது இருக்கிறதா என்று தேடினாள். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்ற அற்ப ஆசை. இருந்தது, இரண்டு வருஷத்துக்கு முந்தையது. 'கேள்விக்குறி போட்ட புள்ளி கிடைக்காவிட்டால், தனியாக எழுதும்போது சொல்கிறது, வரிசையில் எழுதும்போது சொல்வதில்லை. எது சரி? எனக்கென்னவோ, பார்க்கவில்லை என்பதும் பார்த்தேன், ஒன்றுமில்லை என்பதும் ஒன்றுபோலத் தெரிவது ஆபத்து என்று படுகிறது.' கீழே அவளுடைய பதில் இருந்தது. 'வேண்டுமென்றே அப்படி வைத்ததுதான். வரிசையில் எச்சரிக்கைகள் அதிகமாகிவிடும் என்பதால்.' புகார் மூடப்பட்டது.

வேண்டுமென்று ஒன்றும் வைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வந்த வினை அது. அவளுக்கு அப்போதே தெரியும். தன் கருவியில் ஒருவர் தப்புக் கண்டுபிடித்துவிட்டாரே என்ற எரிச்சலில், கூசாமல் ஒரு பொய்யைப் பதிலாக எழுதி மூடியிருக்கிறாள். புகார் எழுதியது யார் என்று பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த 'எனக்கென்னவோ' அத்தானுடையது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் எழுதியிருந்தார். நாற்காலியிலேயே குறுகிப்போனாள். எழுந்து போய் முகம் கழுவினாள். குழாயடிக் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மேலாளரிடம் சொன்னாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை, தொல்லை வேண்டாத மனுஷர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வரைபட அலுவலகத்துக்கு டிஸ்க் கோடில்தான் பிழை என்று ஏற்கெனவே கடிதம் போயிருந்தது. மெமரி பிரிவு வேறு அவரே நேராகப் பார்த்துக்கொள்கிற பிரிவு.

"கருவியில இருந்த குறையை இப்பத்தான் கண்டுபிடிச்சோம், சரி பண்ணிட்டோம்னு அடுத்த பதிப்புல ஒரு வரி போட்டுடலாம். மெமரி பக்கத்தையும் சத்தமில்லாம சரி பண்ணிடறேன். உன் பேர் எதுக்கு இதுல அடிபடணும்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி' எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. அத்தான் கதி என்ன என்று அவள் கேட்கவில்லை, மேலாளரும் சொல்லவில்லை. வெளியே வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுடைய பூஜ்யத்தைவிட அந்தச் 'சரி' அசிங்கமாகப் பட்டது. பூஜ்யத்தைத் தெரியாமல் சொன்னாள். இதைத் தெரிந்தே சொல்லியிருக்கிறாள்.

ஐந்து மணிக்கே கிளம்பி அக்கா வீட்டுக்குப் போனாள். மூன்று மாதமாக ஏதேதோ சாக்குச் சொல்லி அந்தப் பக்கமே போகவில்லை. நாலு மாடி ஏறி மணியை அடித்தாள். அக்கா கதவைத் திறந்தாள். கையில் துணி உலர்த்தும் கிளிப்புகள்.

"என்னடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? உள்ள வா. மெலிஞ்சுட்டே."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா திட்டவில்லை. அவளைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போய், குரலைத் தாழ்த்தி, நீ சங்கடப்படாதே என்றாள். ஆரம்பத்தில் அவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாராம். அவள் பாக்காம சொல்ல மாட்டா, நீங்க ஒழுங்காத் தேடுங்க என்று அக்காதான் ஒரே போடாகப் போட்டாளாம். இப்போது தேடிக் கண்டுபிடித்தும்விட்டாராம்.

"எதைக் கண்டுபிடிச்சார்?" என்றாள் இவள்.

சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். தன் கோடை முழுதாக அச்செடுத்து, வரிக்கு வரி பென்சிலால் குறித்து வைத்திருந்தார் அத்தான். ஓரங்களில் தேதிகள். தொண்ணூறு நாளும் ஒன்று விடாமல் இருந்தன. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆள் இளைத்திருந்தார், கண்ணாடி மூக்கில் நிற்காமல் நழுவியது. உட்காரச் சொல்லி ஒரு தாளைத் தள்ளினார். முந்நூற்றுப் பதினெட்டாவது வரியைச் சிவப்பில் சுழித்திருந்தார்.

"நீ சொன்னது சரிதான் குட்டி. இங்க பாரு, இந்தப் பூட்டை ஒரு வரி முன்னாடியே திறந்துடறேன். அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல படம் நழுவியிருக்கணும். முதல்ல எனக்கே ஒப்பல. திரும்பத் திரும்பப் பாத்தப்புறம்தான் ஒத்துக்கிட்டேன். மத்தியானம் கடிதம் எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் அந்த வரியைப் படித்தாள். மேலே பத்து வரி, கீழே பத்து வரி சேர்த்துப் படித்தாள். ஒரே படத்தை இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் தொடாமல் காக்கும் அந்தப் பூட்டு, திறக்க வேண்டிய இடத்தில்தான் திறந்தது. ஒரு சின்னப் பிசகும் இல்லை. சுத்தமான, அழகான கோட். இல்லாத தப்பை மூன்று மாதம் தேடி, கிடைக்காமல் போகவே, நல்ல வரி ஒன்றைப் பிடித்துத் தப்பு என்று தன்னையே நம்ப வைத்திருக்கிறார். தன் கைப்பட எழுதியும் கொடுத்துவிட்டார்.

"இது தப்பே இல்ல அத்தான்" என்றாள். ஐந்து கேள்விக்குறிகளைச் சொன்னாள். கரைந்துபோன வாசலைச் சொன்னாள், இன்று கிடைத்த மூன்று படங்களைச் சொன்னாள். மேலாளரிடம் 'சரி' என்றதையும் விடவில்லை. சமையலறை வாசலில் அக்கா கிளிப்புகளோடு அப்படியே நின்றாள்.

அத்தான் மேசைமேல் இருந்த அழிப்பானை எடுத்தார். சிவப்பு மை அழியாது என்று உறைத்ததும் கீழே வைத்தார்.

"நல்லாப் பாத்துட்டீங்களான்னு அன்னிக்கு உன்னைக் கேட்டேன்."

"பாக்கல அத்தான். பாத்ததா நெனச்சுட்டுச் சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியும், உன் கருவி வரிசையில எழுதினா வாயைத் திறக்காதுன்னு. நான்தானே புகார் எழுதினேன். மீட்டிங்ல அது ஞாபகம் வந்துச்சு. வந்ததாலதான் கேட்டேன். நானே உக்காந்து பாத்தேன்னு சொன்னே. அதோட விட்டுட்டேன். எந்திரத்தைச் சந்தேகப்படலாம். உன்னை எப்படிம்மா சந்தேகப்படறது?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுதால் அக்கா வந்து கட்டிக்கொள்வாள், அதற்கும் தனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது. அக்கா வரவில்லை. உள்ளே போய் ஜன்னலோரம் துணி உலர்த்தத் தொடங்கினாள். கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் கொடியில் விழும் சத்தம் கேட்டது. இவள் வாசலில் செருப்பை மாட்டும்போது, போய்வருகிறேன் என்றாள். அக்கா ம் என்றாள். மெலிஞ்சுட்டே என்று சொன்ன அதே வாய்தான்.

மறுநாள் காலை, மூன்று மாதம் முன்பு அந்த மீட்டிங்கில் இருந்த அத்தனை பேரையும் அவளே அழைத்தாள். எதற்கு என்று மேலாளர் கேட்டார். நேற்றுச் சொன்ன 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்றாள். அதே அறை, அதே திரை. கருவியில் குறை இருந்தது என்று அவள் தொடங்கவில்லை. "நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன்" என்று தொடங்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு வந்த புகாரையும், அதற்குத் தான் எழுதிய பொய்யையும் திரையில் போட்டாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மெமரி பிரிவில் ஒருவர் தன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். அவள் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனாலும் முடித்தாள். அத்தான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தான் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல், வரைபட அலுவலகத்துக்குப் புதுக் கடிதம் எழுத மேலாளர் உட்கார்ந்தார். டிஸ்க் கோட் மத்தியானமே அத்தான் கைக்குத் திரும்பியது, வெள்ளிக்கிழமைக் கெடு இல்லையென்று ஆனது. அவளை யாரும் தண்டிக்கவில்லை. அன்று யாரும் உளவக்கா என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மூடிக்கிடந்த புகாரை அவள் அத்தான் பேரிலேயே மறுபடி திறந்தாள். தன் பழைய பதிலுக்குக் கீழே, 'நான் எழுதியது பொய். நீங்கள் சொன்னதே சரி' என்று எழுதினாள். கேள்விக்குறி எந்த இடத்தில் இருந்தாலும், கிடைக்காத புள்ளிக்கு எதிரே எண் வராமல் 'பார்க்கவில்லை' என்ற சொல் வரும்படி திருத்தினாள். சாப்பாட்டு வேளைக்குள் முடிந்துவிட்டது. இரண்டு வருஷமாகச் செய்யாத வேலை அது.

நாலு மணிக்கு அத்தான் அவள் இருக்கைக்கு வந்தார். வரைபடப் பெட்டியின் புது எண்ணிக்கை வேண்டும் என்றார். எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன் என்று தாளை எடுத்து நீட்டினாள். ஒவ்வொரு புள்ளியும் உட்கார்ந்ததை உறுதி செய்ததாகவும், இந்த முறை நிஜமாகவே தானே பார்த்ததாகவும் சொன்னாள். அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்து அவள் கணினியின் முன்னால் போட்டார்.

"நானே ஒருதரம் பாத்துக்கறேன், குட்டி."

அந்தக் கட்டடத்துக்குள் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. வேலை தெரிந்த எவரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். அவள் எழுந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து, அவள் எழுதி வைத்திருந்ததைத் தொடாமல், புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி வரியில், கேள்விக்குறி இல்லாமல், தானே முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எண்ணிக்கை வர ஒரு மணி நேரம் ஆகும் என்று இருவருக்கும் தெரியும். வரும்வரை அவள் அங்கேயே நின்றாள்.